உங்களுக்குத் தெரியுமா? – இடுப்புவலியும் வரப்பு வைத்தியமும்

மேட்டூரில் ஜூன் 12-ம் தேதி தண்ணீர் திறந்தால் குறுவை. குறுவை என்றால் நடவு. நடவு என்றால் இடுப்புவலி. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் இந்த வரிசையை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வலித்தால் என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு கதை. அதனால் இந்த முறை முதுகு, மூட்டு, நடுவே கொஞ்சம் டெல்டா.

ஏக்கருக்கு எத்தனை குத்து?

15-க்கு 10 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 66 குத்து விழும். ஏக்கருக்குப் பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 2,70,000. ஒரு ஏக்கர் பச்சையாகத் தெரிவதற்குள் நாலைந்து பெண்களின் விரல்கள் அத்தனை தடவை சேற்றுக்குள் போய் வந்திருக்கின்றன. ஒவ்வொரு குத்துக்கும் குனிந்து நிமிர்ந்தால்கூடப் பரவாயில்லை. குனிந்தவர் குனிந்தபடியே பின்னால் நகர்ந்துகொண்டு போகிறார். முதுகுக்கு அதுதான் ஆகாது. வளைவதற்கென்றே அமைந்த எலும்பு வரிசை அது; வளைத்தபடி மணிக்கணக்கில் நிறுத்தி வைத்தால்தான் முறுக்கிக்கொள்கிறது.

மடகாஸ்கர் பாதிரியாரும் நம்மூர் இடுப்பும்

ஒற்றை நாற்று நடவு, திருந்திய நெல் சாகுபடி என்றெல்லாம் சொல்கிறோமே, அது 1980-களில் மடகாஸ்கர் தீவில் ஹென்றி டி லோலானியே என்ற இயேசு சபைப் பாதிரியார் உருவாக்கிய முறை. தமிழ்நாட்டில் அதற்கு ‘இராஜராஜன் 1000’ என்று பெயர் வைத்தார்கள். 14 நாள் நாற்று, 22.5 செ.மீ. சதுரத்துக்கு ஒரு குத்து. ஏக்கருக்கு 80,000 குத்துதான் வரும். தண்ணீர் மிச்சம், விதை மிச்சம் என்று துண்டறிக்கையில் போட்டார்கள். குனியும் நேரமும் குறைகிறது என்று எவரும் பெரிதாக எழுதவில்லை. களைக்குக் கோனோ வீடர் தள்ளுகிறவர் நிமிர்ந்து நின்றே தள்ளலாம். களிமண்ணில் தள்ளித் தள்ளித் தோள் கழன்றுவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனாலும் தோளுக்குப் பயிற்சி சொல்வது சுலபம்.

ஊசி குத்தி அளந்தார்கள்

ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன் 1960-களில் துணிந்து ஒரு காரியம் செய்தார். முதுகெலும்பு வட்டுக்குள் ஊசியைச் செலுத்தி, எந்த நிலையில் எவ்வளவு அழுத்தம் என்று அளந்தார். நேராக நிற்கும்போது இருப்பதை 100 என்று வைத்துக்கொண்டால் மல்லாந்து படுக்கையில் 25. உட்கார்ந்தால் 140. நின்றபடி முன்னால் குனிந்தால் 150. குனிந்தபடி கையில் சுமையும் இருந்தால் 220. பிறகு 1999-ல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் புதுக் கருவியால் அளந்தபோது, உட்காருவது அவ்வளவு மோசமில்லை என்று தெரிந்தது. குனிவதற்கு மட்டும் எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை.

குனிந்து எழுந்ததும் தூக்காதீர்கள்

இருபது நிமிடம் முழுக்கக் குனிந்தே இருந்துவிட்டு நிமிர்ந்தால் முதுகின் பின்பக்கத் தசைநார்கள் தொளதொளவென்று தளர்ந்திருக்கும். கனடாவில் ஸ்டூவர்ட் மெக்கில் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் தளர்ச்சியில் பாதி முதல் இரண்டு நிமிடத்திலேயே சரியாகிவிட்டது. மீதி அரைமணி கழித்தும் முழுதாகச் சரியாகவில்லை. நம்மூரில் என்ன நடக்கிறது? களை எடுத்து முடித்த கையோடு புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைக்கிறோம். “சடக்குன்னு ஒரு சத்தம்க்கா, அப்படியே பிடிச்சுக்கிச்சு” என்று சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கட்டைத் தொடுவதற்கு முன் இரண்டு நிமிடம் வரப்பில் நடங்கள். தண்ணீர் குடியுங்கள். வெற்றிலை போடுகிறவர் போட்டுக்கொள்ளட்டும், புகையிலை இல்லாமல்.

வானத்தைப் பார்க்கும் வைத்தியம்

சேற்றில் நின்ற இடத்திலேயே செய்யலாம். கால்களைத் தோள் அகலத்துக்கு வையுங்கள். இரு கைகளையும் இடுப்பின் பின்பக்கம் வைத்து, விரல்கள் கீழே பார்க்கட்டும். முழங்காலை மடக்காமல் இடுப்புக்கு மேலே பின்னால் வளைந்து வானத்தைப் பாருங்கள். ஒரு நொடி, இரண்டு நொடி. திரும்ப நேராக வாருங்கள். ஐந்து முறை. மொத்தம் அரை நிமிடம்கூட ஆகாது. ஒரு வரிசை நட்டு முடித்ததும் ஒருதரம் செய்தால் போதும். வலி வந்தபின் செய்வதைவிட வருவதற்கு முன் செய்வதற்குத்தான் பலன் அதிகம்.

“கூலி கொடுக்கிறது வானத்தைப் பார்க்கவா?” என்று வரப்பில் குடை பிடித்து நிற்கிற பெரியவர் கேட்பார். கேட்கட்டும். முதுகு பிடித்துக்கொண்டு மறுநாள் வராமல் போனால் ஆள் தேடி அலையப்போவது அவர்தான். நடவுக்கு ஆள் கிடைக்காமல் வங்காளத்திலிருந்து வந்து நடுகிறார்கள் டெல்டாவில். அவர்கள் முதுகுக்கும் இதே வைத்தியம்தான்.

தவறுதலாகக் கிடைத்த பயிற்சி

1956-ல் நியூஸிலாந்தின் வெலிங்டன் நகரில் இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கென்சி, முதுகும் காலும் வலித்துக்கொண்டு வந்த ஒருவரை, “உள்ளே போய்க் கட்டிலில் குப்புறப் படுங்கள்” என்று அனுப்பினார். முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்தார்கள். அதைத் தாழ்த்த யாருக்கும் தோன்றவில்லை. வந்தவரோ சொன்னதைச் செய்கிற மனிதர். அதன் மேலேயே குப்புறப் படுத்து, முதுகு பின்னால் வளைந்த நிலையில் கிடந்தார். சில நிமிடம் கழித்து உள்ளே வந்த மெக்கென்சி பதறிப்போனார். நோயாளிக்கோ வாரக்கணக்கில் படுத்திய கால்வலி போயே போய்விட்டது. அங்கிருந்து பிறந்ததுதான் உலகம் முழுக்கப் பரவிய மெக்கென்சி முறை.

நம்மூர்க் கிழவர் பார்த்தால், “புஜங்காசனம்தானே தம்பி இது?” என்று கேட்டிருப்பார். ஏறக்குறைய அதேதான். குப்புறப் படுத்து முதலில் இரண்டு நிமிடம் சும்மா கிடப்பது. பிறகு முழங்கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்துவது. பிறகு உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பு பாயைவிட்டு எழாமல் கையை நீட்டிப் பத்து முறை. வலி காலிலிருந்து மேலேறி இடுப்புக்கு வந்தால் நல்ல அறிகுறி, தொடரலாம். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

சைக்கிள் மிதித்தால் வலிக்காதவர்கள்

“நடந்தா ரெண்டு காலும் மரத்துப்போகுது, குத்துக்கால் போட்டு உட்கார்ந்தா சரியாயிடுது, சைக்கிள் மிதிச்சா ஒண்ணுமே தெரியல” என்கிற அறுபது வயதுக்காரர்கள் உண்டு. தண்டுவடம் போகும் பாதை குறுகியிருந்தால் இப்படித்தான் இருக்கும். இவர்கள் வானத்தைப் பார்த்தால் வலி கூடும். மல்லாந்து படுத்து, முழங்கால்களை நெஞ்சோடு அணைத்துக்கொள்வதுதான் இவர்களுக்கு இதம். ஒரே வலிக்கு எதிரெதிர் பயிற்சிகள் உண்டு என்பதால்தான், பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பலித்தது உங்களுக்குப் பலிக்கும் என்று சொல்ல முடியாது.

காலையில் நீங்கள் உயரம்

இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் எழும்போது மாலையைவிட ஒரு செ.மீ.க்கு மேலேயே உயரமாக இருப்போம். உப்பிய வட்டுக்குக் குனிவது பிடிக்காது. 1998-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், விடிந்ததும் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு நாள்பட்ட முதுகுவலி குறைந்தது. நாமோ விடியற்காலையில் வாசல் பெருக்கிக் கோலம் போட்டு, வயலுக்குப் போய் நாற்றுப் பறிக்கிறோம். எல்லாமே குனிகிற வேலை. கோலத்தை நிறுத்தச் சொல்லவில்லை. எழுந்ததும் கொஞ்சம் நடந்துவிட்டு, அடுப்பு வேலையை முன்னால் வைத்துக்கொண்டு, கோலத்தை அரைமணி தள்ளிப்போட்டால் மார்கழி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

வயல்வேலையே பயிற்சிதானே?

இல்லை. டெல்டாவில் அதிகம் கேட்கும் கேள்வி இது: “காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் உழைக்கிறேன், எனக்கு எதுக்குய்யா உடற்பயிற்சி?” டென்மார்க்கில் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழுவினர் இதைத்தான் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். ஓய்வு நேரத்தில் விரும்பி உடலை அசைப்பவர்களுக்குக் கிடைக்கிற நன்மை, வேலையில் உடல் நோக உழைப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. வேலையில் ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருகிறது, நிறுத்தும் உரிமை நம் கையில் இல்லை, ஓய்வு போதுவதில்லை. நடவில் முன்பக்கம் குனிகிற ஒரே அசைவு. பின்பக்கம் வளைகிற அசைவு நாள் முழுக்க ஒருதரம்கூட வராது. திருபுவனத்தில் பட்டு நெய்கிறவருக்குக் குழித்தறியில் உட்கார்ந்தே பொழுது போகிறது. அவருக்கு நடை குறைவு. சுவாமிமலையில் தரையில் குந்தியபடி சிலைக்கு அரம் போடுகிறவருக்குக் காலை நீட்டுவதே அரிது. எந்த அசைவு உங்கள் வேலையில் இல்லையோ அதுதான் உங்களுக்கு உடற்பயிற்சி.

படுத்தே கிட!

முன்பு டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். 1986-ல் அமெரிக்காவில் முதுகுவலிக்காரர்களில் ஒரு பகுதியினரை 2 நாளும் மற்றவர்களை 7 நாளும் படுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2 நாள்காரர்கள் எந்த விதத்திலும் குறைந்துபோகவில்லை. வேலைக்குத்தான் சீக்கிரம் திரும்பினார்கள். 1995-ல் ஹெல்சிங்கி மாநகர ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், முடிந்த அளவு வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர்களே படுத்தவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள்.

உலக்கை ஏன் பலிக்கிறது?

சுளுக்குக்கு உலக்கையால் நீவுவார்கள். கால் முன்னே வந்து பிறந்தவரைக் கூப்பிட்டு முதுகில் மிதிக்கச் சொல்வார்கள். இரண்டுமே அடிக்கடி பலிக்கும். காரணம், திடீர் முதுகுவலியில் பெரும்பாலானவை சில வாரங்களில் தானே அடங்கக்கூடியவை. கடைசியாக என்ன செய்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். நீவுவது தசையை இளக்கும், அதில் தப்பில்லை. நொச்சி இலை ஒத்தடமும் தவிட்டு ஒத்தடமும் அப்படியே. சூடு கொடுத்து, தசை இளகியிருக்கும் அந்தக் கால்மணியில் பயிற்சியைச் செய்தால் சுலபமாக வரும். மிதிப்பது மட்டும் வேண்டாம். எலும்பு தேய்ந்த வயதில் ஓர் உதை ஒரு முறிவாகிவிடலாம்.

‘ஜவ்வு விலகிடுச்சு’

ஸ்கேன் எடுத்ததும் வரும் வாசகம். கேட்டவுடன் பாதிப்பேர் நடையையே மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து தொகுத்த 2015-ம் ஆண்டு ஆய்வைப் பாருங்கள்: 20 வயதுக்காரர்களில் 30 சதவீதத்தினருக்கும், 80 வயதுக்காரர்களில் 84 சதவீதத்தினருக்கும் வட்டு பிதுங்கித்தான் இருந்தது. அவர்கள் பாட்டுக்குச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்கேன் படத்துக்கு வைத்தியம் செய்ய முடியாது, ஆளுக்குத்தான் செய்யலாம்.

மூட்டுக்குச் சாப்பாடு

முழங்கால் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீர்தான் அதற்கு உணவு. அழுத்தும்போது கழிவு வெளியேறும், விடும்போது புது நீர் உள்ளே போகும். அசைக்காத மூட்டு பட்டினி கிடக்கிறது. காலையில் எழுந்ததும் முழங்கால் விறைத்திருந்து, கொஞ்சம் நடமாடியதும், அரைமணிக்குள் சரியாகிவிட்டால் அது பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரத்துக்கு மேலும் விறைப்பு விடாமல், கைவிரல் கணுக்களும் வீங்கியிருந்தால் அது வேறு வியாதியாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்காமல் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

தொடைதான் முழங்காலின் காவல்

முழங்கால் வலிக்காரர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். பலப்படுத்த வேண்டியது தொடையின் முன்பக்கத் தசையை. காலை நீட்டி உட்காருங்கள், முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். துண்டை நசுக்குவதுபோல் முழங்காலைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணுங்கள், விடுங்கள். காலுக்குப் பத்து முறை, காலை மாலை. டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். இரண்டு வாரம் போனதும் அடுத்த படி: நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. அரை நிமிடத்தில் எத்தனை முறை முடிகிறது? 60 முதல் 64 வயதுப் பெண் 12-க்குக் குறைவாகவும் ஆண் 14-க்குக் குறைவாகவும் செய்தால், தொடை பலம் சராசரிக்குக் கீழே என்று அமெரிக்க சுகாதாரத் துறையின் அட்டவணை சொல்கிறது.

உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் எட்டிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது. 2005-ல் வந்த ஆய்வு இது.

சுவாமிமலையில் எந்தக் காலை முன்வைப்பது?

சுவாமிமலையில் 60 படிகள், தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கும் ஒன்று. முழங்கால் வலியோடு ஏறுகிறவர்களுக்கு இயன்முறை மருத்துவர்கள் சொல்லும் சூத்திரம்: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலிக்கிற கால் முன்னே. கைத்தடி இருந்தால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையில். எல்லோரும் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். சினிமாவிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

தோப்புக்கரணம் போடலாமா?

திருவலஞ்சுழி வெள்ளைப் பிள்ளையார் முன்னால் போடுகிற தோப்புக்கரணம், உடற்பயிற்சிக் கூடத்தில் காசு கொடுத்துச் செய்கிற ‘ஸ்குவாட்’டேதான். தொடை, பிட்டம், கணுக்கால் மூன்றுக்கும் வேலை. முழங்கால் வலி இருந்தால் கால்வாசி மட்டும் உட்கார்ந்து எழுந்தால் போதும், பிள்ளையார் குறைத்து எண்ண மாட்டார். ஆனால் உட்கார்ந்தே கிடக்கும் குந்தல் வேறு. பெய்ஜிங் முதியவர்களிடம் நடந்த ஆய்வில், இளம் வயதில் தினமும் நெடுநேரம் குந்தியிருந்தவர்களுக்கு முழங்கால் தேய்மானம் அதிகமாக இருந்தது. அதே நகரத்து மக்களுக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானமோ அமெரிக்க வெள்ளையர்களைவிட மிக மிகக் குறைவு.

நால்வர் கொடுத்த அரைமண்டி

சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. தஞ்சை நால்வர் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் சரபோஜியின் அரசவையில் பரதநாட்டிய அடவுகளை வரிசைப்படுத்தித் தந்தார்கள். அரைமண்டி என்பது பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்கால்களை விரித்து, முதுகை நிமிர்த்திப் பாதி உட்காருவது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: முழங்கால் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதே திசையைத்தான் பாத விரலும் பார்க்க வேண்டும். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பிவிட்டு முழங்காலை முன்னால் விழவிட்டால், முறுக்கு முழுதும் முழங்காலில் இறங்கும். திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். நல்ல நட்டுவனார் தட்டுக்கழியை நிறுத்திவிட்டு முதலில் திருத்துவது இதைத்தான். அறுபது வயதில் அரங்கேற்றம் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். சுவரில் முதுகை ஒட்டி நின்று, அதே விதியோடு நாலு விரற்கடை மட்டும் இறங்கி ஏறலாம்.

செதுக்காமல் விட்ட 27

1010-ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைக்கு மேல்தளத்தில் 108 நடனக் கரணங்களுக்கு இடம் வகுத்து, 81 மட்டும் செதுக்கியிருக்கிறார்கள். மீதி 27 வெறுங்கல். ஆடுகிறவர் சிவபெருமானே. காலைத் தலைக்கு மேல் வீசும் அந்தக் கரணங்களைப் பார்க்கலாம், வீட்டில் முயல வேண்டாம்.

வரப்பில் நடந்தால் விழமாட்டோம்

ஒற்றையடி வரப்பில் ஒரு பாதத்தின் முன்னால் மறுபாதத்தை வைத்து நடக்கிறோமே, முதியோர் விழாமலிருக்க மருத்துவமனையில் சொல்லித்தரும் பயிற்சிகளில் அதுவும் ஒன்று. உலகெங்கும் நடந்த ஆய்வுகளை 2019-ல் தொகுத்தபோது, உடற்பயிற்சி செய்த முதியவர்கள் விழும் எண்ணிக்கை 23 சதவீதம் குறைந்திருந்தது. சமநிலைப் பயிற்சிக்கும் நாற்காலி எழுந்துட்காரலுக்கும் அதில் பெரும்பங்கு. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை எத்தனை தட்டினாலும் எழுந்துவிடும், அதன் பாரம் முழுக்க அடியில். நமக்குப் பாரத்தின் மையம் தொப்புளுக்குக் கீழே, அதைத் தாங்குவதோ இரண்டு சின்னப் பாதங்கள். மரக்காலில் ஏறிப் பொய்க்கால் குதிரை ஆடுகிறவர்கள் அந்த மையத்தைப் பாதத்தை நம்பாமல் இடுப்பாலேயே ஆள்கிறார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். திண்ணைத் தூணைப் பிடித்து ஒற்றைக்காலில் பத்து எண்ணுங்கள். பிறகு ஒரு விரல் மட்டும் தூணில். பிறகு விரலும் எடுத்துவிடலாம். ஈர வரப்பில் மட்டும் சோதிக்காதீர்கள்.

சம்மணத்திலிருந்து எழுந்திருங்கள் பார்ப்போம்

பிரேசிலில் க்ளாடியோ அராவ்ஜோ என்ற மருத்துவர் 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார். மொத்தம் 10 மதிப்பெண். கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று குறையும். குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களில் அடுத்த சில ஆண்டுகளில் இறந்தவர்கள் அதிகம் என்று 2012-ல் எழுதினார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட தலைமுறைக்கு இது பரீட்சையே இல்லை. இப்போது திருவையாற்று ஆராதனைக்குப் போகிறவர்களே முதலில் தேடுவது நாற்காலியைத்தான். தினம் ஒருவேளையாவது பாய் போட்டுச் சாப்பிட முடிகிறவர்கள் அதை விட வேண்டாம். முழங்கால் இடங்கொடுக்காதவர்கள் வீம்புக்கு உட்கார வேண்டாம்.

தொண்ணூறிலும் தசை வளரும்

1990-ல் பாஸ்டனில் முதியோர் இல்லவாசிகளுக்கு, சராசரி வயது தொண்ணூறு, எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. “இந்த வயசுக்கு மேல என்னத்த?” என்கிற அப்பாயிக்கு இதைப் படித்துக் காட்டவும்.

தோள் பிடித்துக்கொண்டால்

சர்க்கரை நோய்க்காரர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது அதிகம். மேசையில் நல்ல கையை ஊன்றி முன்னால் சாய்ந்து, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டி அந்தக் கையைச் சிறுசிறு வட்டமாகச் சுழல விடுங்கள். பாஸ்டன் மருத்துவர் காட்மன் பெயரால் அறியப்படும் பயிற்சி இது. நல்ல தோளை நல்லதாகவே வைத்திருக்க நம்மிடம் கர்லாக்கட்டை இருக்கிறது. வெள்ளைக்காரன் இங்கே பார்த்து எடுத்துப்போய், 1904, 1932 ஒலிம்பிக்கில் போட்டியாகவே நடத்தினான்.

மூட்டை

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் வளர்ந்த ஆணுக்கு 55 கிலோவை உச்சவரம்பாகப் பரிந்துரைத்தது. யூரியா மூட்டை 2018-ல் 50 கிலோவிலிருந்து 45 ஆனது. உரப் பயன்பாட்டைக் குறைக்கத்தான் அப்படிச் செய்தார்கள், சுமக்கிறவர் முதுகுக்கு ஐந்து கிலோ இனாம். எவ்வளவு கனம் என்பதைப்போலவே எவ்வளவு தூரத்தில் என்பதும் முக்கியம். மூட்டையை வயிற்றோடு அணைத்துத் தூக்கினால் ஒரு பாரம், கையை நீட்டித் தூக்கினால் பல மடங்கு. தூக்கியபடி இடுப்பைத் திருகாதீர்கள். பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

பெல்ட் போடலாமா?

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட முதுகுவலிக்கு முதல்முறையாக வழிகாட்டி நெறிகள் வெளியிட்டது. இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை, ‘கரண்ட் வைப்பது’ எல்லாம் வழக்கமாகச் செய்ய வேண்டாதவற்றின் பட்டியலில் போயின. உடற்பயிற்சி செய்யவேண்டியவற்றில் நிற்கிறது. 2020 கணக்குப்படி உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி.

மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலில் வியர்த்து, தண்ணீரும் குடிக்காமல், தினமும் ஒன்று போட்டு வேலை பார்த்தால் சிறுநீரகம்தான் பதில் சொல்லும்.

நடை

ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்து 2024-ல் வெளியான ஆய்வு: முதுகுவலி வந்து தேறியவர்களில், வாரம் ஐந்து நாள் அரைமணி நடக்கும் அளவுக்குப் படிப்படியாகப் பழகியவர்களுக்கு வலி திரும்பிவர 208 நாள் ஆனது. நடக்காதவர்களுக்கு 112. இரண்டும் இடைநிலைக் கணக்கு. தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை அடையாளம் காட்டியது. எட்டு தேவையில்லை. ஆற்றங்கரையில் இரண்டு கி.மீ. போய்வந்தால் அரைமணி ஆகிவிடும், காசும் இல்லை.

எப்போது பயிற்சியை நிறுத்துவது?

காலில் பலம் குறைந்து பாதம் தொய்தல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுக்கு அடங்காமை: இவை வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. காய்ச்சல், எடை குறைவு, இரவில் படுத்தாலும் விடாத வலி: தாமதிக்க வேண்டாம், முதுகெலும்பிலும் காசநோய் வரும். விழுந்தபின் வந்த வலிக்கும் முதலில் எக்ஸ்ரே, பிறகு ஆசனம்.

வீட்டுக்கே வருவார்கள்

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. உங்கள் ஊருக்கு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடம் பெயர் கொடுத்து வையுங்கள். இயன்முறை மருத்துவர் வந்ததும், செய்ய வேண்டிய பயிற்சிகளை ஒரு தாளில் படம் போட்டுத் தரச் சொல்லி, எத்தனை முறை என்பதையும் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.